பிறையைப் படம் எடுக்க எந்த லென்ஸ்?



நோன்பு நெருங்கினால் தம்பிமார் கேட்பது இதுதான்: "சேர், கெமரா இருக்கு. பிறை எடுக்கப் பெரிய லென்ஸ் வாங்கவா, டெலஸ்கோப் வாங்கவா?"

காசு கொடுக்க முன் ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். லென்ஸின் மில்லிமீட்டரை 110ஆல் வகுத்தால், முழு நிலா சென்சரில் விழும் அளவு கிடைக்கும். கெமராவோடு வரும் 18–55 லென்ஸில் அரை மில்லிமீட்டர், வெறும் பொட்டு. 250இல் 2க்குச் சற்றுக் கூட. 700 மி.மீ. டெலஸ்கோப்பில் 6க்கு மேல்.

அப்படியென்றால் டெலஸ்கோப்பா? தலைப்பிறைக்கு வேண்டாம். வெளிச்சம் மாறாத வானத்தில் அந்த மெல்லிய கீற்றைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். டெலஸ்கோப்பில் தெரியும் வானம் மிகச் சிறியது. 55–250 அல்லது 70–300 போதும். மிச்சக் காசுக்கு ஆடாத ஸ்டாண்ட் ஒன்று வாங்குங்கள். ஃபோகஸைத் தூரத்து விளக்கில் கையால் சரிசெய்து, 2 செக்கன் டைமரில் எடுங்கள்.

நம் கடல் கிழக்கே, பிறையோ மேற்கே. கிண்ணியாவில் என்றால் தம்பலகாமக் குடாக்கரை நல்லது. பாலத்தில் வேண்டாம், வாகனம் போனால் ஸ்டாண்ட் அதிரும்.

பழைய லென்ஸ் என்றால் டோர்ச் அடித்துப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நம் ஈரக்காற்றில் அது சீக்கிரம் பிடிக்கும்.

முக்கியமானது: சூரியன் முழுதாக மறையும்வரை லென்ஸையோ பைனோகியுலரையோ அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று சொன்ன அதே எச்சரிக்கைதான். ஒரு நொடியில் பார்வை போய்விடும்.

படம் வராவிட்டாலும் பரவாயில்லை. கண்ணால் கண்டால் உடனே பள்ளிவாசலுக்குச் சொல்லுங்கள்.