மவுண்ட் ஆகாத டிஸ்க்

லினக்ஸில் எக்ஸ்டர்னல் டிஸ்க் திறக்கவில்லை என்று யாராவது கொண்டுவந்தால், எடுத்த எடுப்பில் மவுண்ட் கட்டளையை அடிக்கமாட்டேன். டெர்மினலில் கர்னல் பதிவை ஓடவிட்டுவிட்டு, அதன் பிறகே கேபிளைச் செருகுவேன். அடுத்த சில நொடிகளில் வந்து விழும் வரிகளைப் படித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

புதிய யுஎஸ்பி சாதனம் என்ற வரியே வராவிட்டால் ஃபைல் சிஸ்டத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்க்க வேண்டும். வந்த சாதனம் உடனே அறுந்து, மறுபடி வந்து, மறுபடி அறுந்தால் எனக்கு முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல். யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட்டுக்கு 900 என்பது வரையறை. சுழலும் 2.5 அங்குல டிஸ்க் கிளம்பும் கணத்தில் அதற்கு மேலும் இழுக்கக்கூடும். காதைப் பக்கத்தில் வைத்தால் கேட்கும்: சுழற்சி ஏறும் இரைச்சல், நடுவில் ஓய்ந்து, திரும்ப முதலிலிருந்து. நீளம் குறைந்த நல்ல கேபிளோ, தனி அடாப்டர் உள்ள ஹப்போ கொடுத்ததும் எழுந்துகொண்ட டிஸ்க்குகள் நிறைய.

மவுண்ட் கட்டளை சொல்லும் 'ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்' என்ற நீண்ட வரியைப் பார்த்துப் பலரும் டிஸ்க்கே போய்விட்டதாகப் பயந்துவிடுகிறார்கள். அது இருக்கக்கூடிய காரணங்களை வரிசையாக அடுக்கும் பொதுச் செய்திதான். எது உண்மையான காரணம் என்பதைக் கர்னல் பதிவு சொல்லும்.

என்னிடம் வருவதில் பெரும்பாலானவை விண்டோஸில் புழங்கிய என்டிஎஃப்எஸ் டிஸ்க்குகள். பாதுகாப்பாக வெளியேற்றாமல் பிடுங்கியிருப்பார்கள். 'டர்ட்டி' என்ற குறி அப்படியே நின்றிருக்கும். 2021-இல் கர்னல் 5.15-இல் சேர்ந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர், அந்தக் குறி இருந்தால் எழுதும் உரிமையோடு மவுண்ட் செய்ய மறுத்துவிடும். 'ஃபோர்ஸ்' போடு என்ற யோசனை சுலபமாகக் கிடைக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. குறி சும்மா விழுவதில்லை, உள்ளே ஏதோ எழுத்து பாதியில் நின்றிருக்கலாம். ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து தேவையானதை நகலெடுத்துக்கொண்டு, விண்டோஸ் கணினியில் செக்டிஸ்க் ஓட்டச் சொல்வேன். லினக்ஸில் கிடைக்கும் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் சில மேலோட்டமான பிழைகளைத்தான் சரிசெய்யும். செக்டிஸ்க் செய்யும் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

பதிவில் 'ஐ/ஓ எரர்' வரிகள் தொடர்ந்து வந்தால் என் கை நின்றுவிடும். டிஸ்க்கைக் கொண்டுவந்தவரிடம் ஒன்றுதான் கேட்பேன்: "இதுக்கு வேற காப்பி இருக்குங்களா?" பெரும்பாலும் இருக்காது. பிள்ளையின் முதல் வருடப் படங்கள், கல்யாண வீடியோ, யாரோ இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய ஆய்வேடு எல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில் இருக்கும். இந்த நிலையில் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டுவதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. அது பழுதைச் சரிசெய்யும் பெயரில் டிஸ்க்கில் எழுதும். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கால் அந்த எழுத்தைத் தாங்க முடியாது. அதனால் டிடிரெஸ்க்யூ கொண்டு, அதைவிடப் பெரிய வேறொரு டிஸ்க்கில் முழு இமேஜ் எடுக்கிறேன். டிடிரெஸ்க்யூ நன்றாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். முரண்டுபிடிக்கும் இடங்களை மேப் ஃபைலில் குறித்துவைத்துக் கடைசியில் திரும்பிவரும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எஃப்எஸ்சிகே எல்லாம் அந்த இமேஜின் இன்னொரு நகலில்தான்.

இமேஜ் எடுக்க இரவு முழுக்கவும் ஆகலாம், நாள் கணக்கிலும் போகலாம். டிஸ்க்கை வாங்கும்போதே அதைச் சொல்லிவிடுகிறேன்.