அந்த இணைப்பை வரைந்தது யார்?

ஆர்க்கிடெக்ட் தரும் பிளானை வைத்துப் பட்டறையில் இரும்பை வெட்ட முடியாது. துளை எங்கே, வெல்டிங் எவ்வளவு, எந்த நட்டு என்று ஒவ்வொரு துண்டுக்கும் தனித் தாள் வேண்டும். அதுதான் ஷாப் டிராயிங். சென்னையில் உட்கார்ந்து அமெரிக்கக் கட்டடங்களுக்கு இந்தத் தாள்களைப் போட்டுத்தரும் எத்தனையோ டீட்டெய்லர்களில் நானும் ஒருவன். கட்டடத்தில் எங்கள் பெயர் இருக்காது. அப்படியானால் அந்தத் தாளுக்கு யார் பொறுப்பு? தேடப் போனால் எந்த வழியும் மிசௌரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டியில்தான் போய் முடிந்தது.

1981 ஜூலை 17, மாலை ஏழு மணி தாண்டி. அங்கே ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் கூடத்தில் நடன விருந்து. கூரையிலிருந்து தொங்கிய நான்காம் தள நடைபாலம், தனக்கு நேர் கீழே இருந்த இரண்டாம் தளப் பாலத்தையும் சேர்த்துக்கொண்டு கூட்டத்தின் மேல் விழுந்தது. 114 பேர் இறந்தார்கள். ஹோட்டல் திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

பாலங்களைத் தாங்கிய தொங்கு கம்பி அறுபடவில்லை. பாலத்தின் கீழே இருந்தது, இரண்டு 'C' வடிவ இரும்புச் சேனல்களை விளிம்போடு விளிம்பு வைத்து வெல்டிங் செய்த பெட்டி உத்தரம். அந்த வெல்டிங் கோட்டிலேயே துளை போட்டுக் கம்பியை விட்டிருந்தார்கள். கீழிருந்து தாங்கிய நட்டு, உத்தரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. சேனலின் விளிம்பு நெளிந்து கிடக்கும் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் நான் வரைகிற சேனல் அது.

பொறியாளர்களின் வரைபடத்தில் கூரையிலிருந்து இரண்டு பாலத்தையும் ஊடுருவி இறங்குவது ஒரே நீளக் கம்பி. நடுவில் நட்டைப் பொருத்த, கீழ்ப்பாதி முழுக்க மரை போட வேண்டும். இரும்பு வேலை எடுத்த ஹேவன்ஸ் ஸ்டீல் அதை இரண்டு கம்பியாக்கியது: கூரையிலிருந்து நான்காம் தளம் வரை ஒன்று, அங்கிருந்து இரண்டாம் தளத்துக்கு இன்னொன்று. பட்டறைக்கு வேலை சுலபம். ஆனால் அதுவரை தன் பாலத்தை மட்டும் தாங்க வேண்டியிருந்த நான்காம் தள நட்டின் மேல் இப்போது இரண்டு பாலத்தின் பாரமும் உட்கார்ந்தது.

அனுமதி கேட்டுப் போன் செய்தோம் என்றது ஹேவன்ஸ். அப்படி ஒரு போனே வரவில்லை என்றது பொறியாளர் நிறுவனம். ஹேவன்ஸ் விரிவான தாள்களை வெளியே ஒரு டீட்டெய்லரிடம் கொடுத்திருந்தது. இணைப்பை ஏற்கெனவே யாரோ கணக்குப் போட்டிருப்பார்கள் என்று நம்பி அந்த டீட்டெய்லர் தாளைப் போட்டார். அந்தக் கணக்கு வழக்கப்படி ஃபேப்ரிகேட்டரான ஹேவன்ஸின் வேலை என்று பொறியாளர்கள் வாதிட்டார்கள். 1979 பிப்ரவரியில் அனுப்பிய 42 தாள்கள் பத்தே நாளில் பொறியாளர் நிறுவனத்தின் முத்திரையோடு திரும்பின. அந்த இணைப்பு எவ்வளவு தாங்கும் என்று ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. ஒற்றைக் கம்பியாகவே விட்டிருந்தாலும், நகர விதி கேட்ட பலத்தில் சுமார் 60 சதவீதம்தான் இருந்திருக்கும் என்று தேசியத் தர நிர்ணய அமைப்பின் விசாரணை கண்டது. ஆக, தவறு பட்டறையில் பிறக்கவில்லை. முத்திரை குத்திய பொறியாளர் ஜாக் கில்லம், திட்டப் பொறியாளர் டேனியல் டங்கன் இருவரின் உரிமத்தையும் மிசௌரி மாநிலம் பறித்தது. பொறுப்பை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது என்று 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அந்தத் தீர்ப்பு டீட்டெய்லரை விடுவிக்கிறது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. இணைப்பில் வரும் பாரம் வரைபடத்தில் எழுதப்படாமலிருந்தால், பொறியாளருக்கு எழுதிக் கேட்கிறேன். போனில் பேசிக்கொள்ளலாம் என்றால் ஒப்புக்கொள்வதில்லை. எழுத்தில் பதில் வரும்வரை அந்தத் தாள் அப்ரூவலுக்குப் போகாது.