கூலின்னு போடாத கண்ணு

சென்ற ஆண்டு கோடையில் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய் அறுபது வயதைக் கடந்தவர்களின் விவரங்களை எழுதிக்கொண்டிருந்தோம். முதியோர் உதவித்தொகை யாருக்கு வருகிறது, யாருக்கு நின்றுபோனது என்று ஒரு பட்டியல் தேவைப்பட்டது. படிவம் நாங்களே தயாரித்தது. பெயர், வயது, தொழில், குடும்ப அட்டை எண் என்று கட்டங்கள். தொழில் என்ற கட்டத்தில் 'கூலி', 'கூலி' என்று எழுதிக்கொண்டே போனோம். பாதிப் பேருக்குக் கேட்காமலேயே எழுதினோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்களுக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் வீட்டில்தான் பேனா நின்றது. அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. எழுதியதைப் பேத்தியிடம் படிக்கச் சொல்லிக் கேட்டார். "கூலின்னு போடாத கண்ணு. நான் டிரைவரு" என்றார். சரிங்க பெரியப்பா, எத்தனை வருசம் ஓட்டுனீங்க என்று கேட்டோம். வருசக் கணக்கு அவரிடம் இல்லை. "மொதல்ல ஒரு காமெட்டு. அப்பறம் மூக்கு வெச்ச பென்சு ரெண்டு. அப்பறம் 1210. கடைசியா ஒரு லேலண்டு, அதுலதான் இடுப்புப் போச்சு" என்றார். ஆயுளை வண்டிகளால் அளந்து வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தோம். எங்கள் அப்பாக்களின் வண்டிக் கதைகளைச் சிறு வயதில் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள். ஆனால் படித்து வேலைக்கு வந்தபிறகு அவற்றை ஒருமுறைகூட எழுதி வைத்ததில்லை. சமூகவியல் முதுகலை படித்த இரண்டு ஆண்டுகளில் சாதியைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதினோம். ஒன்றில்கூட லாரி வரவில்லை.

எங்கள் தெரு திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில் இருக்கும் ஓர் அருந்ததியர் தெரு. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்றாலே லாரி, ரிக், டேங்கர், பாடி கட்டும் பட்டறைகள் என்று ஊருக்கே தெரியும். இந்த வட்டாரத்தின் கதையைச் சொல்பவர்கள் வறண்ட மண்ணிலிருந்து உழைப்பால் எழுந்தவர்களின் கதையாகவே சொல்வார்கள். நேற்று டிரைவர், இன்று பத்து வண்டிக்கு ஓனர். அது பொய்யில்லை. அதே ஸ்டியரிங்கைப் பிடித்து அதே தூரம் போன எங்கள் ஆட்கள் டிரைவராகவே ஓய்ந்தார்கள் என்பதும், ஸ்டியரிங்குக்கே போய்ச்சேராதவர்கள் அதைவிட அதிகம் என்பதும் அந்தக் கதையில் வராது.

பழைய லாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரியவர்களின் முகமே மாறிவிடுகிறது. 1954இல் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு ஒப்பந்தம் செய்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. 1969இல் ஒப்பந்தம் முடிந்ததும் முகப்பில் இருந்த மூன்று முனை நட்சத்திரம் போய் டாட்டாவின் 'டி' வந்தது. எங்கள் பெரியவர்கள் நட்சத்திரம் போன வண்டியையும் பென்சு என்றேதான் சொல்கிறார்கள். லேலண்ட் நம் எண்ணூர் வண்டி. 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி. பென்சா லேலண்டா என்று கேட்டால் இன்றைக்கும் திண்ணையில் சண்டை வரும். "பென்சு சொன்னாக் கேக்கும். லேலண்டு கேக்காது, ஆனா உட்டுட்டுப் போகாது" என்றார் ஒருவர்.

இரண்டிலும் உடம்புதான் எரிபொருள். பவர் ஸ்டியரிங் கிடையாது. லோடு ஏற்றிய வண்டியை நின்ற இடத்தில் திருப்ப வேண்டுமென்றால் எழுந்து நின்று, வளையத்தின் மேல் சாய்ந்து இழுக்க வேண்டும். கியர் மாற்ற கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். நடுவில் ஆக்சிலேட்டரைத் தொட்டு இன்ஜின் சத்தத்தைக் காதால் அளந்து பல்லைப் பல்லோடு சேர்க்க வேண்டும். தவறினால் கரகரவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை வைத்தே டிரைவர் தேறியவனா இல்லையா என்று ஷெட்டில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்களாம். இன்ஜின் பெட்டி கேபினுக்குள்ளேயே இருந்த வண்டிகளில் இடது கால் எப்போதும் வெந்துகொண்டிருக்கும். பெரியப்பா வேட்டியை ஒதுக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே தோல் வேறு நிறத்தில் இருந்தது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று அவரிடம் சொன்னோம். சிரித்தார். பிறகு, "டிரைவருக்கா, வண்டிக்கா?" என்று கேட்டார்.

மொட்டை சேஸிஸ் கதை தனி. சித்தப்பா ஒருவர் ரயிலில் டாட்டா நகர் போய் இறங்கி, கேபின் இல்லாத, கண்ணாடி இல்லாத சேஸிஸை ஓட்டிக்கொண்டு பாடி கட்ட நாமக்கல் வருவாராம். ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். உட்காரப் பலகை, தலைக்குத் துண்டு, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. மழை வந்தால் மழை, வெயில் வந்தால் வெயில். எதிரே வரும் லாரியின் புழுதி மொத்தமும் வாய்க்குள். "ஒடிசா முழுக்க நான் மண்ணுதான் தின்னேன்" என்கிறார். அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், அதனால் யார் என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை என்றும் சொன்னார். இதை அவர் ஒரு சலுகைபோலச் சொன்னார். நாங்கள் அப்படி எழுதிக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்தில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து யாரும் லாரி ஓட்டக் கற்கவில்லை. கிளீனராக ஏற வேண்டும். தண்ணீர் பிடிப்பது, தார்ப்பாய் கட்டுவது, ஸ்டெப்னி மாற்றுவது, இடது பக்கம் தொங்கிக்கொண்டு சைடு சொல்வது எல்லாம் கிளீனர் வேலை. திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் லோடு வண்டி திணறும்போது கையில் மரக்கட்டையோடு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓட வேண்டும். வண்டி பின்னால் நழுவினால் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட வேண்டும். ஒரு நொடி பிந்தினால் லோடும் போச்சு, கட்டை போடப் போனவனும் போனான். இப்படி ஆறேழு வருசம் ஓடினால், ஏதோ ஓர் இரவு, நேரான ரோட்டில், காலி வண்டியில், டிரைவர் தள்ளி உட்கார்ந்து "புடிடா" என்பார். அதுதான் பள்ளிக்கூடம்.

கிளீனருக்கு இன்னொரு வேலையும் உண்டு. சோறு ஆக்குவது.

வண்டியிலேயே மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் இருக்கும். புளியமரத்தடியில் நிறுத்தி, கிளீனர் பையன் சமைத்து, டிரைவர் சாப்பிட வேண்டும். எங்கள் பையன் கையால் ஆக்கிய சோற்றை ஆதிக்கச் சாதி டிரைவர் தின்ன மாட்டார். அதனால் எங்கள் பையனைக் கிளீனராக ஏற்ற மாட்டார். கிளீனராக ஏறாதவன் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. டிரைவர் ஆகாதவன் ஓனர் ஆக முடியாது. எந்தச் சட்டமும் எங்களை லாரி ஓட்டக் கூடாது என்று சொல்லவில்லை. எந்த முதலாளியும் போர்டு எழுதி மாட்டவில்லை. ஒரு ஸ்டவ் போதுமானதாக இருந்தது.

அப்படியானால் எங்கள் பெரியவர்கள் எப்படி டிரைவர் ஆனார்கள்? நாங்கள் கேட்டவர்களில் பலர் ஒரே பதிலைச் சொன்னார்கள். அவர்களுக்கு முதலில் வண்டி கொடுத்தவர் ஒரு முஸ்லிம் டிரைவர், இல்லையென்றால் நம்ம ஆள். "பாய் ஒரே தட்டுல போட்டுத் திம்பாரு கண்ணு. அவரு புடின்னு சொன்னதுக்குத்தான் நான் புடிச்சேன்" என்று பெரியப்பா சொன்னபோது குரல் தழுதழுத்தது. ஒருவர் டிரைவர் ஆனால் தெருவிலிருந்து நான்கைந்து பையன்கள் அவரோடு ஏறினார்கள். எங்கள் அப்பாக்கள் அப்படி ஏறியவர்கள்தான்.

வடக்கே போகும் லைன் வண்டிதான் எல்லோருக்கும் பிடித்தது. பேட்டா கூடுதல் என்பது ஒரு காரணம். ஓசூரைத் தாண்டினால் உடம்பு லேசாகும் என்றார் சித்தப்பா. பஞ்சாபி தாபாவில் கயிற்றுக் கட்டிலில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம். பெயர் கேட்பார்கள். நம்மூர்ப் பெயரோடு சாதிப்பெயர் ஒட்டியிருக்காது, ஓர் எழுத்து இனிஷியல்தான். அதை வைத்து அவர்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. "மதராசி" என்று முடித்துக்கொள்வார்கள். வாழ்நாளில் முதன்முறையாக அவர்களுக்கு வேறொரு சாதி கிடைத்தது. கிராமத்தைவிட்டு வெளியேறச் சொன்ன அம்பேத்கரை அவர்களில் யாரும் படித்ததில்லை. படித்த நாங்கள் யாரும் நாக்பூர்வரை லாரியில் போனதில்லை.

வடக்கே உலகம் சமமாக இருந்தது என்று இதற்குப் பொருளில்லை. அங்கே யாரோ ஒருவர் இதே காரணத்துக்காகத் தாபாவுக்கு வெளியே நின்றிருப்பார். இவர்களை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

திரும்பி வந்தால் பழைய கணக்கு. இருபது நாள் ஸ்டீல் டம்ளரில் சாயா குடித்தவருக்கு ஊர்க் கடையில் தனி டம்ளர். ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, மாலை போட்டு, முதலாளி வீட்டு வாசல்வரை ஓட்டிவந்து நிறுத்துவார். பூசணிக்காயையும் அவரே உடைப்பார். பொரி கடலை மட்டும் எட்ட நின்று துண்டில் வாங்க வேண்டும். லாரியின் பின்னால் கண்ணேறு கழிய ஒரு பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிடுவார்களே, அதைப் பற்றிச் சித்தப்பா சொன்னதை மறக்க முடியவில்லை. வண்டி செருப்போடு ஊர்த்தெருவில் போகலாம். அதை ஓட்டியவர் இறங்கி நடந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் செருப்பைத் தைத்ததும் அவருடைய தாத்தாதான்.

காகிதத்தில் எல்லாம் இருந்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. தூர வண்டிக்கு அனுமதி பெற்று 10 மணி நேரம். ஆனால் ஐந்து தொழிலாளிகளாவது உள்ள நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம். ஒரு வண்டி மனைவி பெயரில், ஒன்று மச்சான் பெயரில் என்று இருந்தால் சட்டம் அந்த வாசலுக்கே வராது. வேலை நேரம் என்று ஒன்று இருந்ததா என்று கேட்டோம். "லோடு எறங்கற வரைக்கும்" என்றார்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். எதையும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. லாரி ஸ்டிரைக் என்று செய்தியில் வருவதெல்லாம் பெரும்பாலும் ஓனர்களின் ஸ்டிரைக். அந்த நாட்களில் டிரைவருக்குப் பேட்டா கிடையாது என்பதை யாரும் செய்தியாகச் சொன்னதில்லை.

எங்கள் துறை மட்டும் யோக்கியமா? தொண்ணூறுகளில் சமூகப்பணி லாரி டிரைவரைக் கண்டுபிடித்தது, எச்ஐவிக்காக. நெடுஞ்சாலை ஓரம் முகாம் போட்டார்கள், ஆணுறை கொடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அந்த வேலை உயிர்களைக் காத்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 'அதிக ஆபத்துள்ள குழு' என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் எங்கள் அப்பாக்கள் ஆவணத்துக்குள் வந்தார்கள். எங்கள் அக்காக்களில் ஒருவருக்கு, அப்பா டிரைவர் என்பதாலேயே வந்த சம்பந்தம் திரும்பிப் போனது. தூக்கம், இடுப்பு, கண், சிறுநீரகம் பற்றி அன்றைக்கு யாராவது கேட்டார்களா என்று விசாரித்தோம். இல்லை என்றார்கள்.

சொந்த வண்டி வாங்க முயன்றவர்கள் மூன்று பேர் எங்கள் தெருவில் உண்டு. கடனுக்கு ஜாமீன் கையெழுத்து வேண்டும். முதலாளிகளின் வீட்டில் பங்காளியும் மாமனும் மச்சானும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பங்கு வண்டி வாங்கினார்கள். எங்கள் பங்காளிகளிடம் போட என்ன இருந்தது? ஒருவர் மட்டும் பழைய பென்சு ஒன்றை வாங்கி இரண்டு வருசம் ஓட்டினார். லோடு புக்கிங்கில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் பச்சைத் தோலும் எலும்பும்தான். மஞ்சள் லோடு கேட்டால், உன் வண்டியில் நாறும் என்பார்களாம். நாறும் லோடு கொடுத்ததே அவர்கள்தானே என்று நாங்கள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. வண்டியை விற்றுவிட்டு மறுபடி சம்பளத்துக்கு ஓட்டினார்.

பெரியப்பாவின் படிவத்தில் 'கூலி'யை அடித்துவிட்டு 'ஓட்டுநர்' என்று எழுதினோம். தகரப் பெட்டியிலிருந்து லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அட்டை பிய்ந்து, எண்ணெய்க் கறையோடு, புதுப்பித்த முத்திரைகள் பக்கம் பக்கமாக இருந்தன. அவர் வேலை பார்த்ததற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அது. பிறகு மற்ற வீடுகளுக்கும் திரும்பப் போய்க் கேட்டுக் கேட்டுத் திருத்தினோம். பதினொரு கட்டங்களை அடித்து எழுத வேண்டியிருந்தது.

கடைசியாகப் போனது கிழக்குக் கோடி வீட்டு மாமாவிடம். எழுபதைக் கடந்தவர். பதினாலு வயதில் தெருப் பெயரை மறைத்து, பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லிக் கிளீனராக ஏறியவர். மூன்றாவது நடையில், நாக்பூர் போகும் வழியில், சோறு தின்றுகொண்டே டிரைவர் பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார்: "நீ எந்தக் கூட்டம்டா?" கொங்கு நாட்டில் இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று எங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாமா பதில் சொல்ல ஒரு நிமிசம் ஆனது. டிரைவர் தட்டைக் கீழே வைத்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்றிலிருந்து அவர் ஓட்டலில் சாப்பிட்டார். ஊர் திரும்பியதும் மாமா இறக்கிவிடப்பட்டார். அதற்குப் பிறகு ஷெட்டில் லோடு ஏற்றும் வேலை, இறக்கும் வேலை, நாற்பது வருசம்.

"எனக்கு என்ன போடுவீங்க?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கூலின்னே போடுங்க. அதான நெசம்" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "டபுள் கிளட்ச் எனக்கும் தெரியும். ரெண்டாவது நடையில ஒருக்கா குடுத்தாரு. ஒரு மைலு இருக்கும்" என்றார்.