ஒயில் எங்கே போனது?

எங்கள் வீட்டுக் காரின் பிறேக்கில் ஏதோ பிழை என்பதை முதலிற் கண்டுகொண்டவர் என் மனைவி. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. "முந்தி ஒருக்கா மிதிப்பியள். இப்ப ரெண்டு மூண்டு தரம் மிதிக்கிறியள்" என்றார். பக்கத்து இருக்கையில் இருந்தபடி என் காலைக் கவனித்திருக்கிறார். நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் பிறரைக் கவனித்து எழுதிப் பிழைத்த எனக்கு, என் கால் செய்வது தெரியவில்லை.

கார், 1956இல் என் தகப்பனார் வாங்கிய மொரிஸ் மைனர். இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகள்தாம். சிங்கள ஸ்ரீ 1957இல் வந்து நாட்டைக் கலக்குவதற்கு முந்தியது. அந்தக் கதை வேறொரு நாளைக்கு.

மைனரின் பிரதான பிறேக் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே இருக்கிறது. கம்பளத்தைத் தூக்கி, மூடியைக் கழற்றித்தான் ஒயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தேன்; குறைந்திருந்தது. ஊற்றினேன். பெடல் சற்று மேலே வந்தது. பத்து நாளில் மீண்டும் அமிழ்ந்தது; மீண்டும் ஊற்றினேன். கெடுதி இதில்தான் இருக்கிறது. இரண்டு தரம் மிதித்தால் வண்டி நின்றுவிடுகிறது. நின்றுவிடுவதால் மனமும் சமாதானம் அடைந்துவிடுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் இருக்கையில் பேத்தி. பிரட்ரிக் கோட்டைக்குள்ளால் இறங்கும் வீதியில் புள்ளிமான்கள் உலாவுவது திருகோணமலைக்கு வந்துபோன எவருக்கும் தெரியும். ஒரு மான் மதிலோரத்திலிருந்து நிதானமாக வீதிக்கு வந்தது. மிதித்தேன். பெடல் பஞ்சுபோல அமிழ்ந்து தரையைத் தொட்டது. இரண்டாம் மிதியும் அவ்வாறே. கைப்பிறேக்கை இழுத்தேன். அது கம்பியால் இயங்குவது, ஒயிலை நம்பியிருப்பதன்று. மானுக்கு மூன்று முழம் தள்ளிக் கார் நின்றது. மான் எங்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று. "இனி இந்தக் காரில நான் ஏற மாட்டன்" என்றார் மனைவி. பேத்தியையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் வீடு போனார். நான் முதலாம் கியரிலேயே ஊர்ந்து வந்து சேர்ந்தேன்.

மறுநாள் கிண்ணியாவிலிருந்து நானா வந்தார். எழுபதை நெருங்கும் என்னைத் தம்பி என்றழைக்க ஊரில் எஞ்சியிருக்கும் சிலரில் ஒருவர். சாவி ஒன்றையும் கையில் எடுக்கவில்லை. இருக்கையில் அமர்ந்து பெடலை மிதித்தார். விட்டு மீண்டும் மிதித்தார். பின்னர் காலை எடுக்காமல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"காத்தும் இருக்கு, ஒழுக்கும் இருக்கு" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதல் மிதி ஆழமாகப் போய், இரண்டாவது மிதி மேலே கல்லுப்போல நின்றால், குழாயில் காற்று இல்லை. சப்பாத்துகள் தேய்ந்து டிரம்மை விட்டு விலகியிருக்கின்றன, சரிக்கட்டினாற் போதும். மேலே வந்தும் துள்ளினால் காற்று. திரவம் சுருங்காது, காற்றுச் சுருங்கும். கால் தரும் விசை அதைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. அழுத்திப் பிடிக்கையில் மெல்ல மெல்ல அமிழ்ந்தால் எங்கோ ஒழுக்கு. வெளியே ஈரம் காணாவிட்டால் பிரதான சிலிண்டரின் உள்ளே இறப்பர் தோற்றுவிட்டது.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஒயில் குறையுது எண்டு ரெண்டு தரம் ஊத்தினீங்க. குறைஞ்ச ஒயில் எங்க போனதெண்டு பாத்தீங்களா?"

அபிவிருத்தி நிதி எங்கே போயிற்று, நிவாரண அரிசி எங்கே போயிற்று என்று அரச அதிபர்கள் பலரிடம் கேட்டவன் நான். இதற்கு என்னிடம் பதிலில்லை.

ஒயில் இடப்பக்கப் பின்சில்லுக்குள் போயிருந்தது. டிரம்மைக் கழற்றியதும் சப்பாத்துகள் நனைந்து கறுத்திருந்தன. சில்லுச் சிலிண்டரின் தூசு இறப்பரைத் தூக்க, தேயிலைச் சாயம்போலத் திரவம் வடிந்தது. உட்சுவரில் துருப் பொட்டுகள். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 3 வகை புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது; நூற்றுக்கு நான்கு பங்குகூட நீர் சேரவில்லை, அதற்குள் அது 140 வரை இறங்கிவிடலாம். அதே நீர் இரும்பையும் அரிக்கிறது. உட்துறைமுகத்தின் ஓரத்தில், கடற்காற்றில் நிற்கும் கார். நான் ஒயிலைக் கடைசியாக மாற்றியது எப்போதென்று எனக்கே நினைவில்லை. மைனருக்கு ஒரே சுற்று. ஒரு சில்லு ஒழுகினால் நான்குக்கும் பிறேக் இல்லை. இப்போதைய கார்களில் இரண்டு சுற்றுகள் வைப்பது இதனால்தான்.

நனைந்த சப்பாத்துகளைப் பெற்றோலில் கழுவிப் பூட்டலாமா என்றேன். நானா முறைத்தார். ஊறிய ஒயில் சூட்டில் மீண்டும் கசியும் என்றார். பின்சில்லுகள் இரண்டுக்கும் புதுச் சிலிண்டர்களும் புதுச் சப்பாத்துகளும் கொழும்பிலிருந்து வந்தன. மைனர் உதிரிப்பாகங்களை 1990களில் இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

காற்றெடுக்க இருவர் வேண்டும். நானா காருக்குக் கீழே, போத்தலும் கண்ணாடிக் குழாயுமாக. பெடலில் யார்? நான் ஒயில் மட்டத்தைப் பார்த்து ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். அது வற்றினால் காற்று மீண்டும் உள்ளே போய்விடும். மனைவி ஒன்றும் பேசாமல் வந்து சாரதி இருக்கையில் அமர்ந்தார்.

"அமத்துங்க... பிடிங்க... இப்ப விடுங்க."

தூரத்திலுள்ள இடப் பின்சில்லில் தொடங்கி, வலப் பின், இடமுன், வலமுன் என்று வந்தோம். முதலில் குமிழிகளும் பழுப்பு நீரும். கடைசியில் தெளிந்த ஒயில். "இப்ப கல்லுப்போல இருக்கு" என்று மனைவி சொன்ன பிறகே நானா கீழேயிருந்து வெளியே வந்தார். தேநீர் மட்டும் குடித்தார். கூலி வாங்க மறுத்தார். பின்னர் மகனை அனுப்பி வாங்கிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்துக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு நூல்கூடக் குறையவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மனைவியும் பேத்தியும் காரில் ஏறினார்கள். கோட்டைச் சரிவில் இறங்கும்போது மனைவி மானைப் பார்க்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மிதிதான்.