எலி கடிச்சா லெட்டர் போடுமா?

பி.எல்.சி. புரோகிராம் எழுத வந்துட்டா ஆட்டோமேஷன் முழுசா தெரிஞ்ச மாதிரின்னு ஒரு காலத்துல நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த நினைப்பை ஒரே நிமிஷத்தில் இறக்கி வைத்தவர் எங்க சீனியர் அண்ணன்.

அம்பத்தூர் பக்கம் ஒரு பிரஸ் ஷாப். முதல் நாள் கன்வேயர் பேனல். எமர்ஜென்சி ஸ்டாப்பை 'நார்மலி ஓப்பன்' கான்டாக்டில் கட்டியிருந்தேன். அமுக்கினா சிக்னல் வரும், மோட்டார் நிற்கும். நின்னுது. பெருமையா திரும்பிப் பார்த்தா, அண்ணன் டெர்மினலில் இருந்து ஒரு ஒயரை உருவிட்டு, "இப்ப அமுக்குப்பா" என்றார். அமுக்கினேன். மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்தது.

"எலி கடிச்சா உனக்கு லெட்டர் போட்டுட்டா கடிக்கும்?"

அதனாலதான் அந்த சிவப்பு பட்டன் 'நார்மலி குளோஸ்டு'. கரன்ட் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கணும். அமுக்கினாலும் நிற்கும், ஒயர் அறுந்தாலும் நிற்கும். சரி, மோட்டாரை ஓட்டுற கான்டாக்டரே உள்ளே ஒட்டிக்கிட்டா? அதுக்குத்தான் வரிசையா ரெண்டு கான்டாக்டர். ஒண்ணு ஒட்டினாலும் இன்னொண்ணு நிறுத்திடும். ஒட்டினதை சேஃப்டி ரிலே கவனிச்சு, அடுத்த தடவை ஸ்டார்ட் ஆகவே விடாது. ஐ.எஸ்.ஓ. 13849 புத்தகத்தைப் பிறகு புரட்டினப்ப, பாதிக்கு மேல அண்ணன் உருவின ஒயர்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு :-)

அடுத்தது பிரஸ். ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் இறங்கும். அதை ஓட்டுற பெரியவருக்கு வலது கையில் ரெண்டு விரல் பாதிதான். நான் பார்ப்பதைப் பார்த்துட்டு அவரே சொன்னார். பழைய மெஷினில் ஒரு பட்டனை சைக்கிள் ட்யூப் ரப்பரால் கட்டி வெச்சிருந்தாராம். "பீஸ் கணக்குல கூலி தம்பி. ஒரு கை சும்மா இருந்தா வேகமா ஷீட்டை மாத்தலாம்ல."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரலை. புது மெஷினில் ரெண்டு பட்டனையும் அரை செகண்டுக்குள் சேர்த்து அமுக்கணும். ஒவ்வொரு அடிக்கும் ரெண்டையும் விட்டுட்டுத்தான் மறுபடி அமுக்கணும். ஒண்ணைக் கட்டி வெச்சா பிரஸ் அசையாது.

ட்ரயல் அன்னிக்கு அவரே ரப்பரை எடுத்துட்டு வந்து கட்டிப் பார்த்தார். அசையலை. சிரிச்சார். ரப்பரை மடிச்சு சட்டைப் பையில் போட்டுக்கிட்டே கேட்டார்:

"பீஸ் எண்ணிக்கையை மட்டும் குறைப்பாங்களா தம்பி?"

அதுக்கு எந்த ரிலே இருக்குன்னு அண்ணனுக்கும் தெரியலை.