ஐந்தாவது குவியல்

வலையில் வந்ததைக் கரையில் கொட்டியதும் கை தானாக ஓடும். வெள்ளை இறால் ஒரு கூடை, கருப்பு இறால் ஒரு கூடை, நண்டு தனி, மடவை தனி. வியாபாரி வருவதற்குள் முடித்தாக வேண்டும். கலந்து கிடக்கும் கூடைக்கு அடிமட்ட விலைதான். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை.

கோட்டைக்குப்பத்து மேஸ்திரி ஒருவருக்கும் கையில் முதலில் படிந்த தொழில் அதுதான். ஏரியில் வரும்படி இளைத்ததும் சித்தாளாகப் போனார், கொத்தனார் ஆனார். இன்று நாலு ஆள் வைத்துப் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிக் கொடுக்கிறார். ஊரில் அவரைக் கூப்பிடுவது கட்டுவதற்காக. அவர் கவனமெல்லாம் இடிப்பதில்.

முதல் நாள் காலை சம்மட்டிக்கு முன்னால் அவர் கையில் எடுப்பது சுண்ணாம்புப் பொடி. வாசலில் கோடு கிழித்து, இது கான்கிரீட்டுக்கு, இது செங்கல்லுக்கும் காரைக்கும், இது மண்ணுக்கு, இது இரும்பு, மரம், பிளாஸ்டிக்குக்கு என்று இடம் ஒதுக்குவார். ஒதுக்கி முடித்ததும், "பாடு போட்டாச்சு, இனிமே அடிங்க" என்பார். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் மூன்று ஊரும் ஏரியில் இன்னார் இன்ன நாள் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். அடுத்தவன் பாட்டில் வலை போட்டால் ஊர்க்கூட்டம் கேட்கும். காரைக் குவியலில் கான்கிரீட்டைப் போட்டால் மேஸ்திரி கேட்பார்.

"ஏன்க்கா, ரெண்டையும் ஒண்ணாக் கொட்டினா நாளைக்கு யாரு குந்திப் பொறுக்கிறது?"

"அடிக்கிறவன் தள்ளி விட்டுட்டான் மேஸ்திரி, நான் இன்னா பண்றது?"

அந்தச் சித்தாள் சொன்னதில் நியாயம் உண்டு. பிரிப்பது சட்டி தூக்குகிறவர் வேலை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது சம்மட்டி பிடிப்பவரின் வேலை. சுவரை மேலிருந்து வரி வரியாக இறக்கினால் செங்கல் செங்கல்லாக வரும். அடியில் அடித்துச் சாய்த்தால் ஒரே கூளம். அந்தக் கூளத்துக்குத்தான் சென்னைப் பக்கம் ரப்பீஸ் என்று பெயர். பிறகு எத்தனை ஆள் உட்கார்ந்து பொறுக்கினாலும் அது கூளம்தான்.

செங்கல் முழுசாக வருவதும் வராததும் காரையைப் பொறுத்தது. இந்த ஏரியில் கிளிஞ்சலுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அதைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பில் கட்டிய சுவரில் கரணை நுனியை விட்டு நெம்பினால் காரை உதிர்ந்து கல் கழன்று வரும். நன்றாக வெந்த கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்கும். அது மறுபடி சுவருக்குப் போகலாம். சிமெண்டுச் சுவரில் இந்த வித்தை பலிக்காது. சிமெண்ட் கல்லைவிடக் கெட்டி. காரை விடுவதற்குள் கல் உடைந்துவிடும். நம் காலத்து வீடுகள் பாட்டன் வீட்டைவிட உறுதியாக இருக்கலாம், ஆனால் பிரித்து எடுக்க லாயக்கற்றவை.

உடைந்த கல்லுக்கும் அந்தக் காலத்தில் வேலை இருந்தது. செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு குழைத்து மொட்டைமாடித் தளம் போட்டார்கள்; தூளைச் சுருக்கி என்று காரையில் சேர்த்தார்கள். கழிவு என்ற பேச்சே அங்கு இல்லை.

சட்டம் இதற்குப் பிற்பாடு வந்தது. 2016 மார்ச்சில் அறிவித்த கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள், ஒரு நாளில் 20 டன்னோ ஒரு வேலையில் மாதம் 300 டன்னோ கழிவு உண்டாக்குகிறவர்கள் நாலு வகையாகப் பிரித்துத் தர வேண்டும் என்றன. மேஸ்திரி கோடு கிழிக்கிற நாலும் கிட்டத்தட்ட அவைதாம். 2025-இல் வந்த புதிய விதிகளின் கண் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிறவர்கள் மேல். கையால் இடிக்கிற குப்பத்து வீடு எந்தக் கணக்கிலும் வராது. சென்னை மாநகராட்சிக்குக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இடிபாட்டை அரைத்து ஜல்லியும் மணலும் ஆக்கும் ஆலைகள் உண்டு. ஆனால் குட்டியானையில் ஒரு லோடு ஏற்றிக் கொடுங்கையூர் போய்த் திரும்பும் டீசல் காசை யார் கொடுப்பார்கள்? கூப்பிடு தூரத்தில் ஏரி இருக்கிறது. ராத்திரியில் சரித்துவிட்டால் கேட்க ஆள் இல்லை. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை இப்படிக் கட்டட இடிபாட்டைக் கொட்டித் தூர்ப்பதை வெளிப்படையாகவே தடை செய்கிறது. கரைமேட்டில் கிடக்கும் டைல்ஸ் உடைசலுக்கு அது தெரியாது.

இரும்புக்குக் கவலை இல்லை. கம்பித் துண்டு, கட்டுக்கம்பி வரைக்கும் காயலான் கடை வாங்கிக்கொள்ளும். வளைந்த கம்பியை நிமிர்த்தி மறுபடி தூணில் வைக்கச் சொல்லும் வீட்டுக்காரர்களிடம் மட்டும் அவர் கறாராகப் பேசுவார். மரமும் அப்படியே விலை போகும். தொல்லை கொடுப்பது கூரையில் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நுரையீரலில் தங்கும். ஈரம் பண்ணி, ஆணியைக் கழற்றி, முழுசாக இறக்கித் தனியே வைக்க வேண்டும். பல இடங்களில் அதன்மேல் ஏறி மிதித்தே உடைக்கிறார்கள். அதை அறியாமை என்று சொல்ல முடியாது, அவசரம்தான்.

இனி அந்த ஐந்தாவது குவியல். எந்த விதியிலும் இல்லாதது, இந்தக் கரைக்கே உரியது: உப்புக் குவியல்.

அதை அவர் கற்றது தங்கை வீட்டில். ஆரம்ப காலத்தில், இடித்த கான்கிரீட்டைச் சின்னதாக உடைத்து ஜல்லியாக்கி, அவள் வீட்டு சன்ஷேடுக்குப் போட்டார். செலவு மிச்சம் என்று பெருமை வேறு. நாலாவது மழைக்காலத்தில் அடிப்பக்கம் கோடு கோடாக வெடித்துப் பெயர்ந்தது. உள்ளே கம்பி இலை இலையாகத் துரு. பல வருஷம் உப்புக்காற்றும் உப்புத்தண்ணீரும் குடித்த கான்கிரீட் அது. உப்பு கம்பிக்கு எமன். அதனால்தான் ஐ.எஸ். 456 தரவிதி கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது. ஐ.எஸ். 383 தரவிதி 2016-இல் திருத்தப்பட்டபோது பழைய கான்கிரீட் ஜல்லிக்கு அனுமதி தந்தது: கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்-25 வரை 20 சதவீதம், அடியில் போடும் மெலிந்த கலவையில் முழுக்கவும். ஆனால் அது சோதித்துப் பார்த்த ஜல்லிக்கு. குப்பத்தில் சோதனைக்கூடம் ஏது?

அதனால் அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். பழைய கான்கிரீட், எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும், கம்பி உள்ள இடத்துக்குப் போகாது. செங்கல்லுக்குத் தட்டுச் சோதனை. ஓர் அங்குலத் தண்ணீர் விட்ட தட்டில் கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, தண்ணீர் முழுக்க ஏறிக் காயும்வரை விடுவது. இன்னொரு தரமும் அப்படியே. உச்சியில் மாவு பூசினாற்போல் வெள்ளை பூத்தால் அந்தச் சுவர்க் கல் முழுதும் ஐந்தாவது குவியலுக்கு. தரைமட்டத்திலிருந்து இடுப்பு உயரம் வரை உள்ள கல்தான் பெரும்பாலும் தோற்கும். ஈரம் ஏறுகிற உயரம் அது. மேல் கல் தேறிவிடும். ஆகவே ஒரே சுவரை இரண்டாகப் பிரித்து இறக்குகிறார்.

உப்புக் கல்லைப் பேஸ்மட்டத்திலும் போடக் கூடாது; உப்பு சுவர் வழியே திரும்ப ஏறும். வீட்டுக்காரரின் சொந்த இடத்திலேயே, வேலி ஓரத்து நடைபாதைக்கு அடியில் இடித்துக் கெட்டிப்பது ஒன்றுதான் அவர் கண்ட வழி. இதற்கெல்லாம் இரண்டு நாள் கூலி கூடுதலாகும். பாதிப் பேர் ஒப்புக்கொள்வதில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் வீடு இடிக்க ஆள் பேசும்போது கூலியோடு ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: ரப்பீஸ் எங்கே இறங்கும்? "அதையெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று பதில் வந்தால், முன்பணம் கொடுக்காதீர்கள்.