மூன்றாம் நாளும் தங்குகிறவர்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை என்பதே ஷிப்ட்டைப் பொறுத்ததுதான். எங்கள் சபை ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் கூடுகிறது. நைட் ஷிப்ட் முடித்து வருகிற பையன்கள் பாதித் தூக்கத்தில் ஆமென் சொல்வார்கள். நாற்பது, ஐம்பது பேர்; பாதி நெல்லை, தூத்துக்குடிப் பிள்ளைகள், மிச்சம் விழுப்புரம், ராணிப்பேட்டை, கொஞ்சம் ஒடிசா. நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப்பரிசோதனையில் இருக்கிறேன். சபையில் கணக்கு எழுதுவதும் என் வேலை.

ஊரில் எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் கல்யாணத்துக்கே மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம். புதிதாக ஒருவர் பிரசங்கபீடம் ஏறினால் அவர் எந்த ஊர், யார் மகன் என்று அரைமணி நேரத்தில் பெரியம்மாக்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே அதற்கு வழியில்லை. கான்ட்ராக்ட் முடிந்தால் ரூம் மாறும், ஃபோன் நம்பரும் மாறும். கையில் மைக் கிடைத்தால் யாரும் தீர்க்கதரிசி ஆகலாம்.

அப்படி ஒருவர் வந்தார். முதல் வாரம் நன்றாகவே பேசினார். இரண்டாம் வாரம் ஒரு பையனைப் பார்த்து, "தம்பி, உனக்கு பர்மனென்ட் லெட்டர் வருது, நான் தரிசனத்துல பார்க்கிறேன்" என்றார். 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனதைப் பார்த்த வட்டாரம் இது. 'பர்மனென்ட்' என்ற சொல்லுக்கு இங்கே பரலோகத்துக்கு அடுத்த இடம். மூன்றாம் வாரம் 'விதைக் காணிக்கை' கேட்டார். அந்தப் பையன் கடன் ஆப்பில் எடுத்துக் கொடுத்தான்.

கேன்டீனில் வேலை பார்க்கும் ஒரு அக்காவுக்குச் சிறுவயதிலிருந்தே இன்சுலின் உண்டு. "ஊசி போட்டா விசுவாசம் இல்லன்னு அர்த்தம்" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். அக்கா நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் வாந்தி, மூச்சிரைப்பு. ரூமில் இருந்த பெண்கள்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார்.

பார்க்கப் போனபோது அவர் சொன்னது இது: "லைன்ல எல்லாருக்கும் நான் டோக்கன் நம்பர்தான் தம்பி. எங்க அம்மா பேரைக் கேட்டது அவரு ஒருத்தர்தான்."

இந்தத் தலைவலி கிறிஸ்தவத்தின் வயதளவு பழையது. ஆதிச் சபையின் கையேடு ஒன்று உண்டு, டிடாக்கே. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டதாகச் சொல்வார்கள். தொலைந்துபோனதாக நினைத்திருந்த அதன் பிரதியை 1873-ல் கான்ஸ்டான்டினோபிளில் பிரையெனியோஸ் என்ற ஆயர் கண்டெடுத்தார். அதன் பரிசோதனையில் இறையியல் குறைவு, நடைமுறை அதிகம். ஊர் ஊராக வருகிற ஊழியர் ஒருநாள் தங்கலாம், தேவையென்றால் இரண்டு. மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளர். போகும்போது வழிக்கு ரொட்டி கொடுக்கலாம். பணம் கேட்டால் கள்ளர். இல்லாத பிறருக்காகக் கேட்டால் மட்டும் குறை சொல்லக்கூடாது. ஊரிலேயே குடியேற விரும்புகிறவர் தொழில் தெரிந்தவரென்றால் உழைத்துச் சாப்பிடட்டும். தொழிற்பேட்டைக்கென்றே எழுதியதுபோல இருந்தது.

ஆனால் எல்லாக் கள்ளப் போதகமும் பணத்தாசையில் வருவதில்லை. 1875-ல் கேரளத்தில் யுயோமயம் என்ற சபையைத் தொடங்கிய ஜஸ்டஸ் ஜோசப், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர், தேர்ந்த பாடலாசிரியர். ஆறு வருஷத்தில், 1881-ல், கிறிஸ்து திரும்பி வருவார் என்றார். வருஷம் வந்தது, போனது. அவர் பாடல்களை அங்கே இன்றும் பாடுகிறார்கள். நல்ல குரலும் உண்மையான கண்ணீரும் போதனைக்குச் சான்றாகிவிடாது.

மறுபக்கமும் இருக்கிறது. நாசரேத்தில் மிஷனரியோடு மோதி வேலையிழந்த உபதேசியார் அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, 1857-ல் பிரகாசபுரத்தில் தனிச்சபை தொடங்கினார். மிஷனரிகளுக்கு அவர் பிரிவினைக்காரர். அவருக்கோ அது மானப் பிரச்சினை. சாணார்களைப் பற்றி கால்டுவெல் 1849-ல் எழுதிய புத்தகம் அந்தச் சனத்தை அவ்வளவு புண்படுத்தியிருந்தது. 'கள்ளப் போதகர்' என்ற பட்டத்தைக் கொடுப்பது பெரும்பாலும் அதிகாரத்தில் இருக்கிறவர்தான். அதனால் காவல் என்ற பெயரில் கேள்வி கேட்கிறவரை வெளியே தள்ளிவிடுவது சுலபம்.

ஆகவே ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல், செயலுக்கு விதி வைத்தோம். பாஸ்டருக்கும் அதே விதி. காணிக்கைக் கணக்கு மாதாமாதம் சுவரில் ஒட்டப்படும். தனிநபரின் ஜிபே நம்பருக்குக் காணிக்கை கிடையாது. மருந்தை நிறுத்தச் சொல்கிறவருக்கு மைக் கிடையாது. மாயச் சக்தியால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954-லேயே சட்டம் இருக்கிறது, சர்க்கரை நோய் அதன் பட்டியலில் உண்டு. தேதி குறித்துத் தீர்க்கதரிசனம் சொன்னால் நோட்டில் எழுதி வைப்போம், அந்தத் தேதியில் வாசிப்போம்.

வந்தவரிடம் இதை வாசித்துக் காட்டியபோது, "ஆவியானவரைக் கட்டிப்போடுறீங்க" என்றார். அடுத்த வாரம் வரவில்லை. அவருடன் ஆறேழு பேரும் போனார்கள், கடன் வாங்கிய பையன் உட்பட. தவணை கட்ட சபை உதவும் என்றோம். "லெட்டர் வந்ததும் நானே கட்டிடுவேன்ணே" என்றான்.

பட்டியலில் கடைசியாக ஒரு விதியைச் சேர்க்கச் சொன்னது அந்த கேன்டீன் அக்காதான். புதிதாக மாடியேறி வருகிற ஒவ்வொருவரிடமும் பெயர், ஊர், அம்மா பெயர் கேட்க வேண்டும். அந்தப் பொறுப்பு இப்போது அவருடையது.